அப்பா கஞ்சி குடித்தார்

"அப்பா கஞ்சி குடிச்சாங்கம்மா. அரை டம்ளர் குடிச்சாங்க. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் அன்வர் அங்கிள்.

அதைக் கேட்டதும் அப்பா இறந்துவிட்டார் என்று முடிவு செய்துவிட்டேன்.

டிரெஸ்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த டெலிபோன் கடை. ஜெர்மனியின் கிழக்குப் பக்கத்து ஊர் அது. கடையை நடத்தியவர் ஒரு வியட்நாம்காரப் பெண். மரத்தடுப்பு போட்ட கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு போன். எனக்கு முன்னால் பேசியவர் உள்ளேயே சிகரெட் பிடித்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்துக் கூண்டில் யாரோ அரபியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். துபாயில் சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகிய பாஷை என்பதால் அந்த ஊரில் அந்தக் கடைதான் எனக்குக் கொஞ்சம் சொந்த இடமாக இருந்தது.

ரிசீவர் காதில் இருந்தது. அங்கிள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் "சரி அங்கிள், சரி அங்கிள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

துபாயில் நாங்கள் இருந்த தேரா வீட்டைப் பற்றியும் ஸ்கூல் பஸ்ஸைப் பற்றியும் இத்தனை வாரமாக இங்கே எழுதிவருகிறேன். "ஜெர்மனிக்குப் படிக்கப் போனீர்களே, அதை மட்டும் ஏன் தொடவே மாட்டேன் என்கிறீர்கள்?" என்று சிலர் கேட்டுவிட்டார்கள். தள்ளிப்போட்டதற்குக் காரணம் இந்தக் கஞ்சிதான். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

ஏசி சத்தம் இல்லாத ஊர்

நான் அங்கே போய் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ரயில் நிலையத்தைத் தவிர வேறெங்கும் ஒரு கடைகூடத் திறக்காது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. துபாயில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் போக எந்நேரமும் ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும். பெட்டியில் அம்மா வைத்த புளிக்காய்ச்சல் இருந்தது. அதைப் போட்டுப் பிசையச் சோறு இல்லை. ரயில் நிலையத்தில் வாங்கிய ரொட்டியில் தடவித் தின்றேன். அந்த ரொட்டியின் மேல்தோல் ஈறைக் கிழித்தது.

ஹாஸ்டல் பழைய காலத்து அடுக்கு மாடி. சிமென்ட் பலகைகளை அடுக்கிக் கட்டியது. நடைபாதையில் ஈரக் கோட்டின் வாசனையும் வேகவைத்த முட்டைக்கோஸ் வாசனையும் நிரந்தரமாகக் குடியிருந்தன. சமையலறை எல்லோருக்கும் பொது. அலமாரிக்கு அலமாரி பூட்டு.

வளைகுடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. ஜன்னல் ஏசி கடகடக்கும் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. எனக்கும் வரவில்லை. எழுந்துபோய் ஹீட்டரின் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தேன். அது சத்தமே போடாமல் சுட்டது.

திங்கட்கிழமை புதிய மாணவர்களை ஒரு ஹாலில் கூட்டி, சுவரில் மாட்டிய உலகப் படத்தில் அவரவர் ஊரில் ஒரு ஊசி குத்தச் சொன்னார்கள். நான் துபாயில் குத்தினேன். அங்கிருந்த அம்மாள் என் இந்திய பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பேசாமல் போனார். பின்னால் நின்ற புனே பையன் ஒருவன் "ஷேக் வீட்டுப் பெண்ணா?" என்று கிண்டல் செய்தான். அதற்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

இறங்கிய அன்றே ரயில் நிலையத்து போனிலிருந்து அப்பாவிடம் பேசிவிட்டேன். "குளுருதா பாப்பா? ஸ்வெட்டரை உள்ள போட்டு மேல கோட்டைப் போடு. நேர்மாறா போட்டுக்கிட்டு நிக்காத" என்றார். அப்புறம், "சும்மா சும்மா போன் பண்ணாத. வியாழக்கிழமை எனக்கு அரை நாள் டியூட்டி. அன்னைக்குக் கூப்பிடு, நிதானமா பேசலாம்" என்றார்.

அதனால் வியாழக்கிழமை வரைக்கும் காத்திருந்தேன். வகுப்பறையைத் தேடி அலைந்தது, மஞ்சள் டிராமில் தவறான திசையில் போனது, நகராட்சி அலுவலகத்தில் என் பெயரை அந்த ஆள் கடித்துத் துப்பியது எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிச் சிரிக்க மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவருடைய மொபைலுக்குப் போட்டேன். எடுத்தது அன்வர் அங்கிள்.

அப்பாவுக்கு யாரும் கொடுக்காத வேலை

அப்பாவின் மொபைலை வேறு ஒருவர் எடுத்தால் நான் ஏன் பயப்பட வேண்டும்? இதைச் சொல்ல வேண்டுமானால் அப்பா செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

அவர் ஒரு கட்டடக் கம்பெனியில் அட்மின் அசிஸ்டென்ட். விசா புதுப்பிப்பது, லீவு டிக்கெட் போடுவது, தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்ப்பில் தண்ணீர் வரவில்லை என்றால் ஓடுவது, எல்லாம் அவர் தலையில்தான். கேம்ப்பில் தமிழ்நாட்டு ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அரியலூர், பெரம்பலூர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். அவர்களுக்கு இவர் வேறொரு காரியத்துக்கான ஆள். சாவுச் செய்தி சொல்கிற ஆள்.

யாரும் அவரை அதற்கு வைக்கவில்லை. தமிழ் ஆள் வீட்டுக்குத் தமிழ் ஆள்தான் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் ஒரு தடவை அவரிடம் தள்ளிவிட்டார். இவரும் நன்றாகச் செய்துவிட்டார். அப்புறம் அது இவரோடு ஒட்டிக்கொண்டது.

சைட்டில் ஒருவர் இறந்தால் ஊரில் இருக்கும் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் கேம்ப்பில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஒரே முறைதான். நேராகச் சொல்லவே கூடாது. முதல் போனில் "உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரில வச்சிருக்கு." இரண்டாவது போனில் "டாக்டர் பாத்துக்கிட்டிருக்காங்க, சாப்பிட்டார்." மூன்றாவது போனில் "வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?" அந்தப் பெரியவர் வந்து போனை வாங்கிய பிறகுதான் உண்மை வெளியே வரும்.

இது அப்பா கண்டுபிடித்தது இல்லை. சவுதியில், ரியாத்தின் பத்தா பகுதியிலும் ஜுபைல் கேம்ப்பிலும்கூட இப்படித்தான் செய்தார்கள். யாருக்கும் யாரும் கற்றுக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கேட்கிறவருக்கும் தெரிந்திருந்தது. முதல் போனிலேயே பாதி பேர் புரிந்துகொண்டுவிடுவார்கள். ஆனாலும் புரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். சொல்கிறவர் இவ்வளவு பாடுபட்டு மறைக்கும்போது போட்டு உடைப்பது மரியாதை இல்லையாம்.

சூடாகக் கொடுத்தீர்களா?

எனக்குப் பத்து வயது இருக்கலாம். பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு போன் செய்தார். பக்கத்து வீட்டு போனில் பேசுகிறார் என்பது அந்த இரைச்சலிலேயே தெரிந்தது. அவருடைய வீட்டுக்காரர் கம்பி கட்டும் வேலையில் இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து இறந்திருந்தார். அது காலையிலேயே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினார்.

"அவரு எப்படி சார் இருக்காரு?"

"பரவாயில்லம்மா. டாக்டர் பாத்துக்கிட்டிருக்காங்க."

"ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

"கஞ்சி குடிச்சாரும்மா. அரை டம்ளர்."

"சூடாக் குடுத்தீங்களா சார்? அவருக்கு ஆறிப்போனா எறங்காது."

"சூடாத்தாம்மா குடுத்தோம்."

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமாம்மா."

போனை வைத்ததும் நான் கேட்டேன். "அந்த அங்கிள்தான் செத்துட்டாரே அப்பா?"

அப்பா என் நோட்டை மூடி வைத்தார். பிறகு சொன்னார். "அந்தப் பொண்ணு வீட்டுல தனியா இருக்கு பாப்பா. அண்ணன்காரன் சாயந்தரம் பஸ்லதான் வந்து சேருவான். அதுவரைக்கும் அவரு உசுரோட இருந்துட்டுப் போகட்டும்."

அந்த வயதில் அது எனக்குப் பெரிய கருணையாகத் தெரிந்தது. என் அப்பா நினைத்தால் ஒருவரைச் சாயந்தரம் வரைக்கும் உயிரோடு வைத்திருக்க முடியும் என்று ஸ்கூலில் ஒரு தோழியிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். இப்போது இதை எழுதும்போது பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மனசுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, போனில் வரும் எந்த வார்த்தையையும் நம்ப முடியாதபடி செய்து வைத்திருந்தார்கள்.

கூண்டுக்குள்

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்வர் அங்கிள் கீழக்கரைக்காரர். அப்பாவின் கம்பெனியில் டைம்கீப்பர். எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவர். சாவுச் செய்தி சொல்லும்போது பல தடவை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

"பாப்பா, நல்லா இருக்கியா? சாப்ட்டியா? அங்க ரொம்பக் குளிராம்மா?"

"அப்பா எங்க அங்கிள்?"

"அப்பாவுக்கு செவ்வாக்கிழமை லேசா நெஞ்சு வலி வந்துச்சும்மா. ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். டாக்டர் பாத்துக்கிட்டிருக்காங்க."

"அப்பாகிட்ட போனைக் குடுங்க."

"ஐசியூல மொபைல் விட மாட்டாங்கம்மா. அதான் எங்கிட்ட இருக்கு."

என்ன கேட்பது என்று தெரியாமல், "சாப்பிட்டாரா?" என்றேன்.

அப்போதுதான் அவர் கஞ்சியைச் சொன்னார். அரை டம்ளர்.

"சத்தியமா அங்கிள்?"

"அல்லா மேல சத்தியமாம்மா."

அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அம்மா வந்து "நல்லா இருக்காருடி, நீ படிப்பைப் பாரு" என்றார். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அங்கிள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நீ இப்ப வர வேணாம்மா. அப்பாவே சொல்லிட்டாங்க, கிளாஸை விட்டுட்டு வரக் கூடாதுன்னு" என்றவர், மென்று விழுங்கி, கடைசியாக ஒன்று கேட்டார்.

"நீ அங்க தனியாவா இருக்க? பக்கத்துல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. "நான் பாத்துக்கறேன் அங்கிள். நீங்க அம்மாவைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவரைப் போட்டு உடைக்க வைக்கக் கூடாது என்று, அந்த நிலையிலும், நான் மரியாதையாக நடந்துகொண்டேன்.

வியட்நாம்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு மழையில் நடந்தேன். அழுகை வரவில்லை. மூளை அப்பாவின் மூளை மாதிரி ஓட ஆரம்பித்துவிட்டது.

உயிரோடு இருக்கும் அப்பா வேண்டும்

அவரை ஒரு தடவை பார்க்க வேண்டும். முகத்தை மூடுவதற்கு முன் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு எங்கே போவது?

வேறு பிள்ளைகளாக இருந்தால் அப்பா கிடக்கும் இடத்துக்கு ஓடியிருப்பார்கள். நான் அப்படி ஓட முடியாது என்பது எனக்குத் தெரியும். வெளியூர் போயிருந்த பிள்ளை துபாய்க்குத் திரும்பி வருவதற்குள் அப்பா இறந்துபோன கதைகளைச் சாப்பாட்டு மேஜையிலேயே கேட்டிருக்கிறேன். அம்மாவும் நானும் அப்பாவின் விசாவில் இருந்தவர்கள். அவர் போனால் எங்கள் விசாவும் போகும். இறந்தவரின் விசாவைக் கேன்சல் செய்து, பாஸ்போர்ட்டையும் கேன்சல் செய்து, அதற்குப் பிறகுதான் பெட்டியை விமானத்தில் ஏற்றுவார்கள். செவ்வாய்க்கிழமை நெஞ்சு வலி என்றால், செவ்வாயே முடிந்திருக்கும். வியாழனுக்குள் ஆபீஸில் எல்லா வேலையும் ஓட ஆரம்பித்திருக்கும். நான் போய் இறங்கும்போது கவுண்டரில் இருப்பவன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "கலாஸ்", முடிந்தது, என்று கையை விரித்தால், என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அதே விமான நிலையத்தின் இன்னொரு வாசல் வழியாக அவரை ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

நான் பிறந்த ஊருக்குள் நுழைவதற்கு எனக்கு உயிரோடு இருக்கும் அப்பா வேண்டும். அங்கே பிறந்த எல்லோருக்கும் சட்டம் அதுதான்.

பெட்டி திருச்சிக்குத்தான் வரும். அங்கிருந்து மன்னார்குடிக்கு, சித்தப்பா வீட்டுக்கு. அங்கே நான் முன்னால் போய் நிற்க வேண்டும். இந்தக் கணக்கில் ஓர் ஓட்டைகூட எனக்குத் தெரியவில்லை.

காத்ரின் கேட்டது

பக்கத்து அறையில் இருந்தவள் காத்ரின். அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண், கட்டடக்கலை படித்தாள். நான் பெட்டியை அடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வாசலில் நின்றாள். அப்பா இறந்துவிட்டார் என்றேன். அவள் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"யார் சொன்னார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அப்பாவின் நண்பர். போனில்."

"என்ன சொன்னார்?"

"நலமாக இருக்கிறார், கஞ்சி குடித்தார் என்று சொன்னார்."

காத்ரின் என்னையே பார்த்தாள். "அப்படியானால் உயிரோடு இருக்கிறார்."

"இல்லை. எங்கள் ஆட்கள் இப்படித்தான் சொல்வார்கள்."

"உயிரோடு இருந்தால் எப்படிச் சொல்வார்கள்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் அப்பாவின் சாவைப் பற்றி என்னிடமே குறுக்கு விசாரணையா என்று தோன்றியது. உனக்கு எங்கள் ஊரும் தெரியாது, எங்கள் ஆட்களும் தெரியாது என்று கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. "மறுபடியும் ஒரு தடவை போன் செய், நேராகக் கேள்" என்று மட்டும் சொன்னாள். மாட்டேன் என்றேன். போன் செய்தால் அங்கிள் இன்னும் ஒரு சத்தியம் செய்வார். அம்மா இன்னும் ஒரு தடவை அழுவார். அதனால் என்ன தெரிந்துவிடும்?

அவள் கேட்ட கேள்வி எனக்கு அப்போது உறைக்கவில்லை. உயிரோடு இருந்தால் எப்படிச் சொல்வார்கள்? எங்களிடம் அதற்கென்று வேறு சொற்களே கிடையாது.

மறுநாள் காலை காத்ரின்தான் என்னை டிராவல்ஸ் கடைக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்தவர் துபாய் வழியாக ஒரு விமானம் இருக்கிறது, அதில் சீக்கிரம் போகலாம் என்றார். வேண்டாம் என்றேன். அப்பா கிடக்கும் ஊரில் இறங்கி, வெளியே விடாமல், கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. பிராங்க்பர்ட்டிலிருந்து நேராகச் சென்னை போகும் விமானத்தில் டிக்கெட் போட்டுக்கொண்டேன்.

காத்ரின் ரயில் நிலையம் வரை வந்து பெட்டியை ஏற்றிவிட்டாள். ரயில் முழுக்க நனைந்த வயல்கள். எதிரில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் கத்தியால் ஆப்பிள் வெட்டி எனக்கு ஒரு துண்டு நீட்டினார். அதை மெல்லும்போதுதான் முதல் முதலாக அழுதேன்.

மீன் குழம்பு

சென்னையில் இறங்கி, பஸ் மாறி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மன்னார்குடி போய்ச் சேர்ந்தேன். தெருமுனையில் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தேன். பந்தல் இல்லை. நாற்காலிகள் இல்லை. வாசலில் யாரும் நிற்கவில்லை. பெட்டி இன்னும் வரவில்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டைத் திறந்ததும் மீன் குழம்பு வாசனை வந்தது.

முதலில் வந்தது வெறி. கூடப் பிறந்த அண்ணன் செத்துக் கிடக்கும்போது மீன் கேட்கிறதா உங்களுக்கு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பே எரியாதே, மீன் எப்படி?

நடு வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

சித்தப்பா பனியனோடு வந்தார். பாதி முகத்தில் ஷேவிங் சோப்பு. "என்னம்மா நீ இங்க வந்து நிக்கிற? அப்பாவைப் பாக்கத் துபாய்க்குல்ல போயிருப்பேன்னு நெனச்சோம்?"

"அப்பா?"

"காலையிலதான் அண்ணி பேசினாங்க. ரூமுக்கு மாத்திட்டாங்களாம்."

அப்பா உயிரோடு இருந்தார். சித்தியைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன். சித்தி பயந்துவிட்டார். அந்த நடையில் நின்ற சில நிமிஷங்களைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, அப்புறமும் இல்லை. அதைச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

நேராக ஒரு பேச்சு

சித்தப்பாவின் மொபைலிலிருந்து பேசினோம். அம்மா எடுத்தார். "எங்கடி போயிட்ட? ஹாஸ்டலுக்குப் போட்டா யாரும் எடுக்கல. கண்ணைத் தொறந்தா உன்னைத்தான் கேக்கறாரு." நான் மன்னார்குடியில் இருக்கிறேன் என்றதும் அம்மாவுக்குப் புரியவில்லை. "அங்க எதுக்குடி போனே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா போனை அப்பாவின் காதில் வைத்தார்.

"பாப்பா."

குரல் அவருடையதுதான். காற்று மட்டும் குறைந்திருந்தது.

"அப்பா."

"ஊருக்கா போயிட்டே?"

"ம்."

அம்மாவுக்குப் புரியாதது அவருக்குப் புரிந்துவிட்டது. எத்தனை பெட்டிகளை அந்த வழியில் ஊருக்கு அனுப்பியவர்.

"அன்வர் என்ன சொன்னான்?"

"கஞ்சி குடிச்சீங்கன்னு சொன்னாரு. அரை டம்ளர்."

சிரிக்கப் பார்த்தார் போலிருக்கிறது. இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நெசமாவே குடிச்சேம்மா."

நான் அழ ஆரம்பித்தேன். இப்போதே கிளம்பி வருகிறேன், திருச்சியிலிருந்து நேராக விமானம் இருக்கிறது, விசா இன்னும் இருக்கிறது, வந்துவிடுகிறேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"கேளு. ரூமுக்கு மாத்தினது நல்லாயிட்டேன்னு இல்ல. இனிமே அங்க வச்சு செய்ய ஒண்ணுமில்லன்னு மாத்தியிருக்காங்க. டாக்டர்கிட்ட நானே கேட்டுட்டேன். உங்க அம்மாவுக்குத் தெரியாது. ஒங்கிட்ட சொல்றேன்."

"அப்பா, வேணாம்."

"நீ டிக்கெட் கெடச்சு வர்றதுக்குள்ள முடிஞ்சுடும். நடுவுல மாட்டிக்குவே. அங்கேயே இரு."

வாழ்நாள் முழுக்க யாருக்கும் போனில் நேராகச் சொல்லாத மனிதர் என்னிடம் நேராகச் சொன்னார். பக்கத்தில் பெரியவர் யாராவது இருக்கிறார்களா என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் அதைத் தாங்கவே இல்லை. பொய் சொல்லியிருக்கலாமே என்றுதான் இருந்தது. இப்போது யோசித்தால், எனக்கு அவர் விட்டுப்போனவற்றில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

சித்தப்பா பாதிச் சோப்பு முகத்தோடேயே டிராவல்ஸுக்கு ஓடினார். மறுநாளுக்கு இடம் இல்லை, அதற்கு அடுத்த நாளுக்குத்தான் கிடைத்தது. அப்பா மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார். அன்வர் அங்கிள் சித்தப்பாவுக்கு போன் செய்து, சுற்றி வளைக்காமல், ஒரே வார்த்தையில் சொன்னாராம். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அப்பா அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் பெட்டி திருச்சிக்கு வந்தது.

போனை வைப்பதற்கு முன் அப்பா கடைசியாகப் பேசியதையும் எழுதிவிடுகிறேன். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அம்மா போனை எடுக்கப் போனார். இரு என்று தடுத்திருக்கிறார் போல. குரலைத் திடப்படுத்திக்கொண்டு, கேம்ப் ஆட்களின் வீட்டாருக்கு எப்போதும் சொல்கிற விஷயத்தைத்தான் எனக்கும் சொன்னார்.

"ஏர்போர்ட்டுக்கு முன்னாடியே வந்து நிக்காத பாப்பா. கார்கோவுல பெட்டியை வெளிய விட ரொம்ப நேரம் பண்ணுவாங்க. அங்க உக்கார எடம் இருக்காது. வீட்டுலயே சாப்ட்டுட்டு மெதுவா வா."

சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.